ரெண்டு மணிக்குப் பாடற பெட்டி

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். தண்ணி குடிக்கலாம்னு எழுந்து ஹாலுக்கு வந்தேன். ‘ஸ்ஸ்ஸ்ஸ்...’னு ஒரு சத்தம். முதல்ல குக்கர்ல ஆவி போகுதோன்னு நெனச்சேன். ரெண்டு மணிக்கு எந்த மகராசி குக்கர் வைப்பா? அடுப்படியை எட்டிப் பார்த்தா எல்லாம் அணைஞ்சு கிடக்கு. சத்தம் வந்தது மகனோட மேசையிலேர்ந்து. அவனோட கேமிங் லேப்டாப். திரை இருட்டு. ஆனா பின்பக்கம் கை வச்சா, ஹேர் டிரையர் மாதிரி சூடா காத்து வருது.

மவுஸைத் தொட்டேன். திரை வெளிச்சமாச்சு, பாஸ்வேர்ட் கேட்டுச்சு. அவ்வளவுதான். அரை நிமிஷத்துல சத்தம் இறங்கி, கமுக்கமாயிருச்சு. அப்பா வர்ற சத்தம் கேட்டதும் புத்தகத்தை எடுத்து வச்சுக்கிற பையன் மாதிரி!

கீழே பாயில மகன் முகத்தை மூடிக்கிட்டுப் படுத்திருக்கான். மூச்சு சீரா வருது. ‘ஆகா, நடிப்புல சிவாஜி தோத்தாரு’ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

இது 2024 ஏப்ரல்ல நடந்தது. கதைக்கு முன்னாடி கொஞ்சம் முன்கதை சொல்லணும், பொறுத்துக்குங்க மக்களே.

நமக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. இருக்கறது செம்பூர், செட்டா நகர் முருகன் கோயில்லேர்ந்து நடக்கிற தூரம். ஒரு பெட்ரூம், ஒரு ஹால். அதுல நான், தங்கமணி, மகன். கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு ஓய்வுக்கு வந்த எங்க அம்மா. மகன் அவங்களை ஆச்சின்னு கூப்பிடுவான், அதனால வீட்டுல எல்லாருக்கும் அவங்க ஆச்சிதான். ஆச்சிக்கு ஹால் திவான், மகனுக்குக் கீழே பாய், மூலையில மேசை. மும்பைல இதுக்கே ‘பெரிய வீடு’ன்னு பேரு.

மகன் இஞ்சினியரிங் ரெண்டாம் வருஷம். 3டி மாடல் செஞ்சு ரெண்டர் பண்ண தனி கிராஃபிக்ஸ் இருக்கிற மெஷின் வேணும்னான். “கேமும் ஆடுவேன்பா”ன்னு அவனே நேர்மையா சொன்னான். ரூ.82,000. இ.எம்.ஐ. போட்டு வாங்கினோம். மே மாசம் செமஸ்டர். அதனால ஒரு ஒப்பந்தம்: பரீட்சை முடியற வரைக்கும் ராத்திரி 11 மணிக்கு மேல கேம் கிடையாது. கையெழுத்துப் போடாத குறைதான், ஒத்துக்கிட்டான்.

இப்ப அந்த ரெண்டு மணி சத்தத்துக்கு வருவோம். மறுநாள் ராத்திரியும் அலாரம் வச்ச மாதிரி முழிப்பு வந்துச்சு. அதே சத்தம். மவுஸைத் தொட்டா அதே மாதிரி அடக்கம். மூணாம் நாள் எனக்குப் பொறுமை போயிருச்சு. அவனை எழுப்பி, ஆச்சி, தங்கமணி எல்லாரும் முழிச்சுக்கிற அளவுக்குக் கத்தினேன். “எண்பதாயிரம் கொடுத்து வாங்கினதுக்கு நல்லாக் காட்டிட்டேலே! அப்பன் வர்ற காலடி கேட்டதும் மூடிட்டுப் படுத்துக்கிடறியா?”

அவன் தூக்கக் கலக்கத்துல முழிச்சான். “நான் ஆடலப்பா.”

“பொய் வேறயா?”

அதுக்கப்புறம் அவன் ஒரு வார்த்தை பேசலை. சார்ஜரைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டினேன். பெரிய தீர்ப்பு சொன்ன நாட்டாமை மாதிரி போய்ப் படுத்தேன்.

நாலு நாள். வீட்டுல அவன் என்கிட்ட பேசினது மொத்தம் நாலு வார்த்தை இருக்கும். அதுல ரெண்டு “சாப்பிட்டாச்சு”. அவனுக்கு ஒரு புராஜெக்ட் திங்கட்கிழமை குடுக்கணுமாம், அது எனக்குத் தெரியாது. என்கிட்ட சார்ஜர் கேக்கவும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் தங்கமணிகிட்ட மட்டும் சொல்லிட்டு, தாராவியில இருக்கிற சிநேகிதன் வீட்டுக்கு, அவன் மெஷின்ல வேலையை முடிக்கப் போயிட்டான். ராத்திரி அங்கேயே தங்கறதா ஏற்பாடு.

சாப்பாட்டுல உக்காந்திருக்கும்போது ஆச்சி மெதுவா ஆரம்பிச்சாங்க. “ஏல, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. பிள்ள தூங்கத்தான் செஞ்சான்.”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“கண்ணுல மருந்து ஊத்திக்கிட்டு எனக்கு எங்க தூக்கம் வருது? முழிச்சுத்தான கிடக்கேன். அந்தப் பெட்டி தானா பாடுது. யாரும் தொடல. நீ வந்து தொட்டாத்தான் வாயை மூடுது.”

எனக்குச் சுருக்னுச்சு. ஏன்னா நமக்குப் பொழப்பே குளிர் காத்துதான். 28 வருஷமா இந்த ஊர்ல ஏ.சி. பிளான்ட் வேலை. ஆபீஸ், ஆஸ்பத்திரி, மால்னு எங்க போனாலும், ‘ஆளில்லாத நேரத்துல ஏ.எச்.யூ. ஏன் ஓடுது?’ன்னு கேட்டுக் காரணம் கண்டுபிடிக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். வாட்ச்மேன் ரகசியமா ஏ.சி. போட்டுக்கிறான்னு எந்த முதலாளியாவது சொன்னா, “சார், முதல்ல கன்ட்ரோலரோட டைம் ஷெட்யூல் பாருங்க, அப்புறம் ஆளைச் சந்தேகப்படுங்க”ன்னு வசனம் பேசறவன் நானு. வீட்டுல பார்த்தது என்ன? ஆளை மட்டும்தான் பார்த்தேன்.

சரி, சோதிச்சுப் பார்த்துடுவோம். அவன்தான் வீட்டுலயே இல்லையே, இதை விட நல்ல சோதனை கிடைக்காது. பீரோவைத் திறந்து சார்ஜரை எடுத்து மாட்டி, ராத்திரி பன்னிரண்டரைக்கு லேப்டாப்பை ஆன் பண்ணினேன். பாஸ்வேர்ட் தெரியாது, அதனால அந்தத் திரையிலயே விட்டுட்டு, நாற்காலியைத் தள்ளிப் போட்டு உக்காந்தேன். கையில நோட்டு. ஆச்சி திவான்லேர்ந்து, “தொடாத, தொடாத”ன்னு டைரக்‌ஷன்.

முதல்ல லேசா ஒரு முனகல். ரெண்டு நிமிஷம் சுத்தும், நிக்கும், திரும்பச் சுத்தும். ஒரு மணி சுமாருக்கு ஆரம்பிச்சுது பாருங்க கச்சேரி. ‘ஸ்ஸ்ஸ்ஸ்’... சூடான காத்து. வீட்டுல யாரும் கேம் ஆடலை. ஆடறதா நான் சொன்னவன் தாராவியில இருக்கான். கிட்டத்தட்ட அரை மணி நேரம் அது பாடிச்சு. நான் ஒரு வரி எழுதலை. நோட்டை மூடி வச்சுட்டு உக்காந்திருந்தேன்.

“பாத்தியா”ன்னாங்க ஆச்சி. வேற ஒண்ணும் சொல்லலை.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே அவனைக் கூப்பிடப் போனேன். செம்பூர்ல ஹார்பர் லைன் ஏறி, குர்லாவுல மாறி, சயான்ல இறங்கி நடை. தொண்ணூறடி ரோடு. இந்த ரோடு எனக்குப் புதுசு இல்லை. 1996ல, பம்பாய்ங்கிற பேரு மும்பைன்னு மாறி ஒரு வருஷம் ஆகியிருந்த நேரம், டிப்ளமோ சர்டிபிகேட்டோட நான் வந்து இறங்கினது இங்கதான். தோல் வேலைக்கு வந்த திருநெல்வேலிச் சீமைக்காரங்க தலைமுறை தலைமுறையா இருக்கிற இடம். எங்க பெரியப்பாவும் தோல் பை தைக்கிற பட்டறையில இருந்தாரு. பத்துக்குப் பத்து ரூம், மேல ஒரு மச்சு. ஆறு பேர் படுப்போம். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு டேபிள் ஃபேன்.

அந்த ஃபேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை ஆட்டணும். அப்பத்தான் எல்லாருக்கும் ஒரு மடக்கு காத்து கிடைக்கும். ஒருநாள் ராத்திரி அது ஆடாம என் பக்கமே நின்னுருச்சு. காலையில பெரியப்பா வேர்த்து வழிய எழுந்து, ஒரு கேள்வி கேக்காம, “புதுசா வந்த பயலுக்குத் திமிரப் பாரு, குமிழை இழுத்து விட்டுட்டு மத்தவனைச் சாகடிக்கான்”னு எல்லார் முன்னாலயும் ஏசினாரு. நான் அதைத் தொடவே இல்லை. “தொடல பெரியப்பா”ன்னேன். “பொய் வேறயா?”ன்னாரு. ஒரு வாரம் கழிச்சு ரிப்பேர்காரர் கழட்டிப் பார்த்தப்ப, உள்ள பல்சக்கரம் தேய்ஞ்சு போயிருந்துச்சு. பெரியப்பா அதைப் பத்தி அப்புறம் பேசவே இல்லை. நல்ல மனுஷன், எனக்குச் சோறு போட்டவரு. ஆனா அந்த ஒரு காலை 28 வருஷம் கழிச்சும் எனக்கு ஞாபகம் இருக்கு.

‘பொய் வேறயா?’ அதே ரெண்டு வார்த்தை. அதை நானும் சொல்லியிருக்கேன்னு அந்த ரோட்டுல நடக்கும்போதுதான் உறைச்சுது.

மகன் இறங்கி வந்தான். புராஜெக்ட் முடிஞ்சிருச்சாம். கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு. “வா, காபி குடிப்போம்”னு சயான்லேர்ந்து ஒரு ஸ்டேஷன் போய் மாட்டுங்கால இறங்கி, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்தோம். கஃபே மெட்ராஸ் வாசல்ல ஞாயித்துக்கிழமைக் கூட்டம், பேரை எழுதிக் குடுத்துட்டு வெளியில நின்னோம். உள்ள போய்ச் சொல்லலாம்னு நெனச்சிருந்தேன், அதுக்குள்ள வாயில வந்துருச்சு.

“நேத்து ராத்திரி உன் லேப்டாப்பை ஓட்டிப் பார்த்தேன். நீ இல்லாமலே பாடிச்சு. நான் சொன்னது தப்பு தம்பி.”

அவன் ரோட்டையே பார்த்துக்கிட்டிருந்தான். கொஞ்ச நேரம் கழிச்சு, “கேட்டிருந்தா நானே காமிச்சிருப்பேன்பா”ன்னான். “கேக்கலையே நீங்க.”

“ஆமா. கேக்கல.”

அப்புறம் இட்லி வந்துச்சு. ரெண்டாவது காபிக்கு அவனே சொன்னான். கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன்ல ஏறி, வடாலாவுல மாறி, செம்பூர் வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் ஃபேன் பத்தித்தான் பேசிக்கிட்டு வந்தோம்.

இனிமே சொல்லப் போறது, வீட்டுல கேமிங் லேப்டாப் வச்சிருக்கிற அப்பா அம்மாக்களுக்காக. அப்பனும் மகனும் அடுத்த ரெண்டு நாள் உக்காந்து கண்டுபிடிச்சது.

முதல் விஷயம், அந்த ரெண்டு மணி மர்மம். விண்டோஸ்ல தினசரிப் பராமரிப்புன்னு ஒண்ணு இருக்கு. ஆன்டிவைரஸ் சோதனை, டிஸ்க் சீரமைப்பு, அப்டேட் சம்பந்தப்பட்ட வேலைகள் எல்லாத்தையும் ‘யாரும் தொடாத நேரத்துல செஞ்சுக்கலாம்’னு ஒதுக்கி வைக்கும். நாம மாத்தாம விட்டா அதுக்கு நேரம் ராத்திரி 2 மணி. சார்ஜர் மாட்டியிருக்கணும், மெஷின் சும்மா இருக்கணும். யாராவது மவுஸைத் தொட்டா, ‘முதலாளி வந்துட்டாரு’ன்னு வேலையை நிறுத்திக்கும். நான் போய்த் தொட்டதும் அடங்கினது அதனாலதான்! நான் எதைத் திருட்டுத்தனத்துக்கு ஆதாரம்னு நெனச்சேனோ, அது மரியாதைக்கு ஆதாரம். நான் சோதிச்ச அன்னைக்கு ஒரு மணிக்கே ஆரம்பிச்சதுக்கும் காரணம் இருக்கு. சார்ஜர் பீரோவுல இருந்த நாளெல்லாம் வேலை தவறிப்போச்சு. அதனால கிடைச்ச முதல் ஓய்வு நேரத்துலயே பாக்கியை எடுத்துக்கிச்சு. டாஸ்க் ஷெட்யூலர்ல ஒவ்வொரு வேலையும் கடைசியா ஓடின நேரம் இருக்கு. நான் சோதிச்ச ராத்திரி அதுல பதிவாகியிருந்துச்சு.

அப்ப திரை இருட்டா இருந்தும் மெஷின் ஏன் தூங்கலை? நீளமா ரெண்டர் ஓடும்போது நடுவுல தூங்கிடக்கூடாதுன்னு, சார்ஜர்ல இருந்தா தூங்கவே வேண்டாம்னு மகன் செட் பண்ணி வச்சிருக்கான். திரை மட்டும் அணையும், உள்ள எல்லாம் முழிச்சிருக்கும்.

ரெண்டாவது விஷயம், எந்த வேலையும் இல்லாதப்பவும் வர்ற அந்த முனகல். சுத்தறது, நிக்கறது, சுத்தறது. இதுதான் எனக்கு ரொம்பப் பழக்கமான வியாதி.

லேப்டாப் விசிறியை ஆட்டி வைக்கிறது பெரும்பாலும் விண்டோஸ் இல்லை. மதர்போர்டுல ஒரு குட்டிக் கன்ட்ரோலர் சிப் தனியா இருக்கு. எத்தனை டிகிரிக்கு எத்தனை சுத்துன்னு கம்பெனிக்காரங்க அதுல ஒரு அட்டவணை போட்டு வச்சிருப்பாங்க. விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடியே அது வேலையை ஆரம்பிச்சிரும். நம்ம மெஷின் விசிறிக்கு நாலு கம்பி. ரெண்டு கரன்டுக்கு, ஒண்ணு ‘எவ்வளவு வேகமா சுத்தறேன்’னு சொல்றதுக்கு, ஒண்ணு ‘இவ்வளவு வேகமா சுத்து’ன்னு கேக்கறதுக்கு. அந்த நாலாவது கம்பியில கரன்டைப் படபடன்னு விட்டு விட்டுக் குடுத்து வேகத்தை மாத்துவாங்க. மேசைக் கணினி விசிறிகளுக்கு இன்டெல் போட்ட வரையறையில அது வினாடிக்கு 25,000 தடவை. நம்ம காதுக்கு 20,000க்கு மேல கேக்காது, அதனால அந்தப் படபடப்பு நமக்குத் தெரியறதில்லை.

நம்ம சொசைட்டி தண்ணி பம்பை யோசிச்சுப் பாருங்க. மாடித் தொட்டியில தண்ணி இந்த அளவுக்குக் கீழே போனா மோட்டார் ஓடணும், மேலே அந்த அளவு வந்தாத்தான் நிக்கணும். ரெண்டு கோடும் ஒண்ணா இருந்தா மோட்டார் நிமிஷத்துக்கு நாலு தடவை ஓடி நின்னு எரிஞ்சு போகும். விசிறிக்கும் அதே கதைதான். எங்க தொழில்ல கட்-இன், கட்-அவுட்னு சொல்வோம். மகன் மெஷின்ல பார்த்தவரைக்கும் 52 டிகிரியில விசிறி எழும்புது, 46ல நிக்குது.

இங்கதான் மும்பை உள்ள வருது. சும்மா இருக்கிற சிப் எப்பவும் அறைச் சூட்டை விட இத்தனை டிகிரி மேலன்னுதான் நிக்கும். அந்த ‘மேல’ங்கிறது அது தின்கிற வாட்ஸைப் பொறுத்தது. நம்ம மெஷினுக்கு அது 20 டிகிரி. கடையில ஏ.சி. 24 டிகிரி. 24உம் 20உம் 44. விசிறி எழும்பவே எழும்பாது. ‘எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க சார்’னு கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஏப்ரல் ராத்திரி எங்க ஹால் 31 டிகிரி. 31உம் 20உம் 51. கோட்டுக்கு ஒரு டிகிரி கீழே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. பின்னால ஏதோ ஒரு சின்ன வேலை எட்டிப் பார்த்தாலே போதும், கோட்டைத் தாண்டிரும். விசிறி சுத்தும், 46க்கு இறங்கும், நிக்கும். திரும்ப 51க்கு ஏறும். விடிய விடிய இதே கதை.

“புழுக்கம்தான் காரணமா?”ன்னு தங்கமணி கேட்டாங்க. இல்லைங்க. காத்துல இருக்கிற ஈரம் நமக்குத்தான் கஷ்டம், வேர்வை காயாது. சிப்புக்கு வேர்க்காது, அதுக்கு டிகிரி மட்டும்தான் கணக்கு. அதே மாதிரி சீலிங் ஃபேனும் அறையைக் குளிர்விக்கிறதில்லை. நம்ம வேர்வையைக் காய வச்சு நம்மைக் குளிர்விக்குது. லேப்டாப் வாங்கறது அதே 31 டிகிரி காத்தைத்தான்.

அந்தச் சின்ன வேலைக்கு விசிறி ஏன் இவ்வளவு அலட்டுது? பிராசஸர்ல சூடு பிறக்கிற இடம் நகத்தளவு. ஒரு நொடி வேலை வந்தாலும் முழு வேகத்துக்குத் தாவும், அதுக்கு டர்போன்னு பேரு. தோசைக்கல்லு மெதுவாத்தான் காயும், ஆனா தாளிக்கிற கரண்டியில போட்ட கடுகு உடனே வெடிக்கும் இல்லையா? சிப்பு கரண்டி, செம்புக் குழாயும் ஹீட் சிங்க்கும் தோசைக்கல்லு. கரண்டி வெடிக்கிறதைப் பார்த்துட்டு விசிறி ஓடி வருது.

கேமிங் மெஷின்ல இன்னொரு கூத்து. அதுல ரெண்டு கிராஃபிக்ஸ். சின்ன வேலைக்குப் பிராசஸர்கூடவே இருக்கிறது, பெரிய வேலைக்குத் தனியா ஒரு பயில்வான். வேலை இல்லாதப்ப பயில்வானைத் தூங்க வைக்கிற ஏற்பாட்டை ஆப்டிமஸ்ங்கிற பேர்ல என்விடியா 2010ல கொண்டு வந்தாங்க. ஆனா பல மெஷின்கள்ல வெளி மானிட்டர் மாட்டற எச்.டி.எம்.ஐ. ஓட்டை நேரா பயில்வான்கிட்டத்தான் போகுது. மானிட்டர் மாட்டியிருக்கிற வரைக்கும் அவர் தூங்க முடியாது. மகன் ஆபீஸ் பழைய மானிட்டர் ஒண்ணை மாட்டி வச்சிருந்தான். தூங்காத பயில்வான் சும்மா உக்காந்திருந்தாலும் சோறு தின்பாரு, சூடு வரும். ரெண்டு பேருக்கும் செம்புக் குழாய் பொதுவா இருந்தா, ஒருத்தர் சூடு இன்னொருத்தர் தலையிலயும் ஏறும்.

சத்தத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. எந்த விசிறியானாலும் வேகத்தை ரெண்டு மடங்காக்கினா காத்து ரெண்டு மடங்குதான் கிடைக்கும், ஆனா அதுக்கு எட்டு மடங்கு சக்தி வேணும். சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். பத்து ஏறினாலே காதுக்கு ரெண்டு மடங்கு மாதிரி இருக்கும். அதுலயும் ஒரே சீரா ஓடற சத்தத்தைக் காது மறந்துரும், ஏறி இறங்கறதை மறக்காது. சீலிங் ஃபேன் சத்தத்துல தூங்கற ஆச்சிக்கு லேப்டாப் சத்தத்துல தூக்கம் வராததுக்கு அதான் காரணம்.

என்ன செஞ்சோம்னு சொல்றேன்.

லேப்டாப்பை லேமிங்டன் ரோட்டுல ஒரு ரிப்பேர் கடையில குடுத்துத் திறந்தோம். விசிறிக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவுல சாம்பல் நிறத்துல ஒரு துண்டு, பழைய கம்பளி மாதிரி. வாங்கி ஒன்றரை வருஷத்துத் தூசு, எங்க பக்கத்துக் கட்டட வேலைத் தூசு, கூடவே ஆச்சி வேட்டிப் பஞ்சுல திரிச்ச திரியோட இழை. இதை வெளியில இருந்து ஊதினா போகாது. ஊதும்போது விசிறி இறக்கையை விரலால பிடிச்சுக்கணும், இல்லைன்னா அளவுக்கு மீறிச் சுத்தி கெட்டுப்போகும்னு அந்தத் தம்பி சொல்லிக் குடுத்தாரு. காய்ஞ்சு போன தெர்மல் பேஸ்ட்டையும் மாத்தினாரு.

பின்பக்கம் ரெண்டு ரப்பர் கட்டை வச்சு ஒரு விரல் உயரம் தூக்கினோம். காத்து உள்ள போறதே கீழ் வழியாத்தான். மெத்தை மேல, தலகாணி மேல வச்சு ஓட்டற பிள்ளைகளைக் கட்டாயம் அதட்டுங்க, அதுல தப்பே இல்லை.

ராத்திரி மானிட்டர் கேபிளைக் கழட்டறது மகன் பொறுப்பு. பவர் செட்டிங்ல பிராசஸர் உச்ச அளவை 100லேர்ந்து 99 சதவீதமாக்கினா டர்போ தாவறது நின்னுரும். படிப்பு வேலைக்கு அது தாராளம், ரெண்டர் ஓட்டும்போது மட்டும் திரும்ப 100. பராமரிப்பு நேரத்தை ராத்திரி 2லேர்ந்து சாயங்காலம் 7க்கு மாத்தினோம். ‘தூங்கினாலும் எழுப்பிச் செய்’ங்கிற மாதிரி ஒரு டிக் அங்க இருக்கு, அதையும் எடுத்துட்டோம். படுக்கப் போகும்போது மெஷினையும் தூங்க வைக்கணும்.

இப்ப சும்மா இருக்கும்போது அறைச் சூட்டுக்கு மேல 16 டிகிரிதான். 31உம் 16உம் 47. கோட்டுக்கு அஞ்சு டிகிரி கீழே. விசிறி அசையறதில்லை.

ஒரு எச்சரிக்கை. விசிறி சத்தம் போடுதுன்னு அதை ஏதாவது சாஃப்ட்வேர் போட்டு வலுக்கட்டாயமா நிறுத்தாதீங்க. சத்தம் வியாதி இல்லை, சூடுதான் வியாதி. வேலையே இல்லாம முழு வேகத்துல மணிக்கணக்கா ஓடினாலோ, கரகரன்னு உரசற சத்தம் வந்தாலோ, சும்மா இருக்கும்போதே 80, 90 டிகிரி காட்டினாலோ, உடனே திறந்து பார்க்கக் குடுத்துருங்க.

எல்லாம் முடிஞ்சப்புறம் மகன் ஒரு காகிதத்துல பாஸ்வேர்டை எழுதிக் குடுத்தான். “சந்தேகம் வந்தா நீங்களே பார்த்துக்கலாம்பா”ன்னான். குத்திக்காட்டறானா, நிஜமாவே சொல்றானான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. காகிதத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன். “சந்தேகம் வந்தா உன்கிட்டயே கேக்கறேன்”னேன். தலையை ஆட்டினான். முழுசா ஆறிருச்சான்னு கேட்டா, சொல்லத் தெரியலை. எனக்கு ஒரு ஃபேன் ஞாபகம் 28 வருஷம் இருந்துச்சே. அவனுக்கு அவ்வளவு நாள் இருக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவும் செஞ்சேன்னு வச்சுக்குங்களேன்.

மே மாசப் பரீட்சை நல்லபடியா எழுதினான். முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி மூணு மணி வரைக்கும் நிஜமாவே கேம் ஆடினான். விசிறி கப்பல் மாதிரி இரைஞ்சுது. நான் எழுந்து வந்து தண்ணி குடிச்சுட்டு, ஒண்ணும் சொல்லாமப் போய்ப் படுத்துட்டேன் :-)

ஆச்சி ஜூன்ல ஊருக்குப் போனாங்க. போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணி. மகன் கடைக்குப் போயிருந்தான். மேசையில ‘ஸ்ஸ்ஸ்’னு ஆரம்பிச்சுது. சீரியல் பார்த்துக்கிட்டிருந்த ஆச்சி தலையைத் திருப்பாமலே சொன்னாங்க: “தொடாத. அது வேலை பாக்கு.”